சரணாகதியும் முடிவெடுத்தலும்: ஸ்ரீவைணவ மரபில் ஒரு கருத்தின் வளர்ச்சி

எல்லாப் பாரத்தையும் பெருமாள் திருவடியில் வைத்துவிட்டவர், நெருக்கடி வரும்போது தாமே முடிவெடுக்கலாமா? எடுத்தால் அது நம்பிக்கைக் குறைவா? ஸ்ரீவைணவ ஆசாரியர்களைப் பல நூற்றாண்டுகள் சிந்திக்க வைத்த கேள்வி இது. சரணாகதிக் கொள்கை வளர்ந்த வழியில் இதற்கு அமைந்த விடையை இக்கட்டுரை ஆராய்கிறது.

வித்து

திருவாய்மொழியின் ஆறாம் பத்தில், பத்தாம் பதிகத்தில் நம்மாழ்வார் திருவேங்கடமுடையானைச் சரணடைகிறார். போக்கிடம் அற்ற நிலையே அங்கே தகுதியாகிறது. ஆசாரியர்கள் சரணாகதி நூலாகவே போற்றிய இராமாயணத்தில் இன்னொரு கோணம் உண்டு. வீடணன் அண்ணனுக்கு அறிவுரை சொல்லி, அது ஏற்கப்படாதபோது இலங்கையைத் துறந்து, அதன்பின் இராமனை அடைகிறான். சரணடைதலுக்குள்ளேயே கடினமான ஒரு முடிவு அடங்கியிருக்கிறது.

கொள்கையாதல்

இராமானுசரின் சரணாகதி கத்யம் இந்த உணர்வை முறையான பிரார்த்தனையாக்கியது. கீழ்ப்படிதல் குறித்தும் அவர் வாழ்வில் ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுகிறது. மறைபொருளை வெளியிடலாகாது என்ற திருக்கோட்டியூர் நம்பியின் கட்டளையை மீறி, அதைப் பலருக்கும் எடுத்துரைத்தார். தமக்கு நரகமே வாய்த்தாலும் பிறர் உய்யட்டும் என்ற அவரது எண்ணத்தைக் கண்டு குருவே நெகிழ்ந்தார் என்கின்றன குருபரம்பரை நூல்கள்.

இரு பார்வைகள்

அடுத்த தலைமுறைகளில் கருத்து வேறுபாடு கூர்மையடைந்தது. இறைவன் ஒருவனே உபாயம், அதாவது வீடுபேற்றுக்கான வழி. நாம் சரணடையும் செயலைக்கூட உபாயமாக எண்ணலாகாது என்றார் பிள்ளை லோகாசாரியர். இறைவன் அருள்வதற்கு ஒரு வியாஜமாவது (சாக்காவது) வேண்டும்; மகாவிசுவாசம் உள்ளிட்ட அங்கங்களோடு பிரபத்தி (சரணாகதி) செய்தே ஆக வேண்டும் என்றார் வேதாந்த தேசிகர். தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியும், தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியும் இவ்விரு நிலைகளுக்கு உவமைகளாயின.

சோதனை

1323-இல் தில்லிப் படை திருவரங்கத்தைத் தாக்கியது. அனைத்தும் இறைவன் பொறுப்பு என்று போதித்த லோகாசாரியர் முதிர்ந்த வயதில் திருவரங்கத்து உற்சவரான நம்பெருமாளை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு தெற்கே சென்றார். மதுரைக்கு அருகிலுள்ள ஜோதிஷ்குடியில் திருநாடு அடைந்தார். தேசிகர், இராமானுசரின் ஸ்ரீபாஷ்யத்தின் உரையான சுருதப்பிரகாசிகையின் சுவடியையும் அதன் ஆசிரியரின் இரு புதல்வர்களையும் காத்து, கன்னட நாட்டுச் சத்தியகாலத்துக்குக் கொண்டு சேர்த்தார். இவை மரபு தரும் செய்திகள். விஜயநகரப் படைத்தலைவர் கோபணாரியர் 1371-இல் நம்பெருமாளை மீண்டும் திருவரங்கத்தில் எழுந்தருளச் செய்ததைக் கோயில் கல்வெட்டு உறுதிப்படுத்துகிறது.

முடிவு

மனித முயற்சியைப் பற்றி மாறுபட்ட இருவரும் ஆபத்தில் கைகட்டி நிற்கவில்லை. இது முரண்பாடு அன்று. சரணடைந்தவனுக்கு முயற்சி தன்னைக் காத்துக்கொள்ளும் உபாயமாக இல்லாமல் கைங்கரியமாகிவிடுகிறது (இறைத்தொண்டாகிவிடுகிறது) என்பதில் இருவரும் ஒன்றுபட்டனர். உபாயம் பலித்ததா என்று கணக்குப் பார்க்க வேண்டியிருக்கும். கைங்கரியத்துக்கு அந்தக் கணக்கு இல்லை. நம்பெருமாள் திரும்பியதைக் காண லோகாசாரியர் இல்லை. ஆயினும் அவர் எடுத்த முடிவு, எடுத்த அன்றே நிறைவு பெற்றுவிட்டது. முடிவெடுக்கும் கடமையைச் சரணாகதி குறைப்பதில்லை. அதன் பலனைச் சுமக்கும் அச்சத்தை அது இறக்கி வைக்கிறது.