காலிக் கோட்டை

காலிக் கோட்டை என்பது இலங்கையின் தென் மாகாணத் தலைநகரான காலியில், கடலுக்குள் நீண்டு நிற்கும் சிறு தீபகற்பத்தின் மீது அமைந்துள்ள மதில் சூழ்ந்த நகரம் ஆகும். இது கொழும்பிலிருந்து தெற்கே ஏறத்தாழ 120 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. 1988 இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுரிமைத் தலமாக அறிவித்தது. இன்றும் மதிலுக்குள் மக்கள் குடியிருப்பதே இக்கோட்டையின் தனிச்சிறப்பு ஆகும்.

கோட்டைக்கு முந்திய காலி

ஐரோப்பியர் வருகைக்கு முன்பே பல நாட்டு வணிகர் காலித் துறையை நாடி வந்தனர். 1911 இல் இங்கு கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு இதற்குச் சான்று. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹேயின் பயணத்தோடு தொடர்புடைய இக்கல்வெட்டு 1409 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மொழிகளில் பொறிக்கப்பட்டது. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெவிநுவரையில் கோயில் கொண்ட தெனவரை நாயனாருக்கும் அளித்த காணிக்கைகளைக் கூறுகிறது. அக்காலக் கடல் வணிகத்தில் தமிழ் பெற்றிருந்த இடத்தை இது உணர்த்துகிறது. இக்கல்வெட்டு இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது.

போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும்

16 ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இங்கு முதல் அரணை அமைத்தனர். 1640 இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றி, கருங்கல்லாலும் பவளப்பாறைக் கல்லாலும் பெரிதாகக் கட்டியெழுப்பினர். நிலப்பக்கக் கொத்தளங்கள் சூரியன், சந்திரன், நட்சத்திரம் எனப் பெயர் பெற்றன. பழைய வாயிலின் உட்புறத்தில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் சின்னமும் 1669 என்ற ஆண்டும் காணப்படுகின்றன. கடலின் ஏற்றவற்றத்தைக் கொண்டு கழிவுநீரை அகற்றும் நிலத்தடி வடிகால்கள் அவர்களது பொறியியல் திறனுக்கு எடுத்துக்காட்டு. ஒல்லாந்தத் திருச்சபைத் தேவாலயம் 1755 இல் கட்டப்பட்டது.

ஆங்கிலேயர் காலமும் துறைமுகத்தின் வீழ்ச்சியும்

1796 இல் கோட்டை ஆங்கிலேயர் வசமானது. 19 ஆம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல்கள் காலியில் தரித்துச் சென்றன. ஆனால் துறையின் பாறைகளும் பருவக்காற்றும் கப்பல்களுக்கு ஆபத்தாக இருந்தன. 1870களிலும் 1880களிலும் கொழும்புத் துறைமுகத்தில் அலைதாங்கி கட்டப்பட்டதும் கப்பல்கள் அங்கு சென்றன. காலியின் வணிகம் குன்றியது. ஒருவகையில் இவ்வீழ்ச்சியே கோட்டையைக் காத்தது எனலாம். வணிகம் பெருகியிருந்தால் பழைய வீதிகளையும் வீடுகளையும் இடித்துப் புதிய கட்டடங்கள் எழுந்திருக்கும். கொழும்புக் கோட்டையின் மதில்கள் அவ்வாறுதான் 19 ஆம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டன.

ஆழிப்பேரலை

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை காலி நகரைத் தாக்கியது. கோட்டைக்கு வெளியே இருந்த பேருந்து நிலையமும் துடுப்பாட்ட மைதானமும் நீரில் மூழ்கின, பலர் உயிரிழந்தனர். பகைவரைத் தடுக்க எழுப்பிய மதில்கள் அன்று உள்ளிருந்தோரைக் கடலிலிருந்து காத்தன.

இன்றைய நிலை

மதில்மேல் நடந்து மாலைக் கதிரவனைக் காண நாள்தோறும் பயணிகள் வருகின்றனர். 1939 இல் கட்டப்பட்ட வெளிச்சவீடும், அதன் அருகே உள்ள மீரான் பள்ளிவாசலும் அவர்களைக் கவர்கின்றன. சுற்றுலா ஊருக்கு வருவாய் தருகிறது. பழைய கட்டடங்களும் செப்பனிடப்படுகின்றன. அதேவேளை காணி விலை உயர்ந்து, பல வீடுகள் விடுதிகளாகவும் கடைகளாகவும் மாறிவிட்டன. தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்கள் சில வெளியேறியுள்ளன. மதில்களையும் கட்டடங்களையும் பாதுகாக்கச் சட்டங்கள் உண்டு. ஆனால் குடியிருப்போர் இன்றேல் காலிக் கோட்டை வாழும் நகரம் என்ற தன் சிறப்பை இழந்துவிடும்.