உண்டியலும் வங்கியும்: வீட்டுச் சிறுசேமிப்பின் சமூக வரலாறு குறித்துச் சில சிந்தனைகள்

இலங்கையின் பொருளாதார வரலாற்றை எழுதியோர் கோப்பி, தேயிலை, தெங்கு, இறப்பர் ஆகியவற்றைப் பற்றி விரிவாக எழுதியுள்ளனர். அவற்றுக்குக் கடனளித்த ஆங்கில வங்கிகளும், அவ்வங்கிகளுக்கும் உள்ளூர் வணிகருக்குமிடையே நின்ற செட்டிமாரின் வட்டிக்கடைகளும் ஓரளவு ஆராயப்பட்டுள்ளன. ஆனால் அரிசிப் பானையின் அடியிலும், கூரை வளையிலும், சேலைத் தலைப்பின் முடிச்சிலும், பனையோலைக் கொட்டைப்பெட்டியிலும் சேர்ந்த சில்லறைக் காசுக்கு அந்த வரலாற்றில் இடமில்லை. அது அற்பமானது என்பதே காரணமெனக் கூறப்படலாம். தனித்தனியே நோக்குமிடத்து அற்பந்தான். எனினும், அந்த அற்பத்தைத் தேடி அரசும் தபாற் கந்தோரும் வங்கியும் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாக ஏழையின் வாசலுக்கு வந்துகொண்டிருக்கின்றன என்பது மனங்கொள்ளத்தக்கது.

வீட்டுச் சிறுசேமிப்பை ஒரு நற்பண்பாகக் காண்பதே பொதுவழக்கு. சிக்கனமுள்ளவன் உயர்வான், ஊதாரி அழிவான் என்ற போதனை பாடப்புத்தகங்களிலும் வங்கி விளம்பரங்களிலும் ஒரே குரலில் ஒலிக்கின்றது. நாம் இதனை வேறொரு கோணத்தில் நோக்க விரும்புகின்றோம். உழைப்பவன் வீட்டில் ஒதுக்கப்படும் சதம் மூலதனத் திரட்சியன்று. அது கூலியின் ஒரு பகுதியே. நோய், வேலையின்மை, மரணச் செலவு, பிள்ளையின் படிப்பு முதலியவற்றுக்காக உண்ணாது பின்போடப்பட்ட உணவு அது. இவ்வேறுபாட்டை மறைத்ததன் மூலமே சிக்கனம் ஓர் அறமாக உயர்த்தப்பட்டது.

முதலிற் சொல்லை எடுத்துக்கொள்வோம். குழந்தை காசு போடும் மண்முட்டியையும் கோயில் வாசலிலுள்ள பெட்டியையும் நாம் உண்டியல் என்கின்றோம். இதே சொல் வணிகரிடையே மாற்றுச்சீட்டைக் குறித்தது. வட இந்திய வணிகரின் ‘ஹுண்டி’யே தமிழில் உண்டி, உண்டியல் என வழங்கிற்று. கொழும்புச் செட்டியார் தெருவிலிருந்து எழுதப்படும் ஓர் உண்டியல் கடல்கடந்து தமிழகத்திற் பணமாகும். 1983 இற்குப் பின்னர் புலம்பெயர்ந்தோர் அனுப்பும் பணம் வங்கியைத் தவிர்த்து வீட்டை வந்தடையும் முறைக்கும் எம்மவர் இட்ட பெயர் உண்டியலே. பெரு வணிகனின் கடன்பத்திரமும் சிறுமியின் மண்முட்டியும் ஒரே பெயரைத் தாங்கி நிற்பது விநோதமானது. மொழி இரண்டையும் ஒன்றாக்கிற்று. பொருளாதார வாழ்வு அவற்றை ஒன்றாக்கவில்லை.

பண்டைத் தமிழிலக்கியத்திற் சேமிப்புப் பற்றிய மனப்பாங்கு ஒருதன்மைத்தானதன்று. புறநானூற்று 163 ஆம் பாடலிற் பெருஞ்சித்திரனார், குமணனிடம் பெற்ற பரிசிலைச் சேர்த்து வைத்து வாழலாமென எண்ணாது எல்லோர்க்கும் கொடுக்குமாறு மனைவியைப் பணிக்கின்றார். வறுமையே வாழ்வாயிருந்த புலவரின் இக்கூற்றை வெறும் வள்ளன்மை எனக் கொள்வது போதாது. நெடுநாட் பசியின்போது கடன் தந்து தாங்கிய சுற்றத்துக்கு அவர் மனைவி கடமைப்பட்டிருந்தாள் என்ற செய்தியும் அப்பாடலிலே உண்டு. அச்சமூகத்தில் ஏழையின் சேமிப்பு அயலாரிடமே இருந்தது. வள்ளுவரோ பொருள் செயல்வகையை ஓர் அதிகாரத்திற் போற்றிப் பிறிதோர் அதிகாரத்திற் பயன்படாத செல்வத்தைப் பழித்தார். வணிகமும் உடைமையும் வளர்ந்த சமூகத்தின் முரண்பாடே இவ்விரு அதிகாரங்களுக்குமிடையே தெரிகின்றது.

காசு பரவலாவதற்கு முன்னர் வீட்டுச் சேமிப்புத் தானியமாகவே இருந்தது. உலையில் அரிசி இடும்போது ஒரு பிடியை எடுத்து வேறாக வைக்கும் பிடியரிசி வழக்கம் நாம் அறிந்ததே. கோயிலுக்கும் மடத்துக்கும், பின்னாளிற் பாடசாலைக்குங்கூட, அவ்வரிசி தண்டப்பட்டது. இதில் இரு விடயங்கள் கவனிக்கத்தக்கவை. ஒதுக்குபவள் பெண், ஒதுக்கப்படுவது அவள் கைக்குள் அடங்கும் அளவு. தானியத்தை நெடுங்காலம் பதுக்கவியலாது; வண்டும் எலியும் இடங்கொடா. எனவே அது விரைவிற் பொதுத் தேவைக்கோ அயலார் பசிக்கோ சென்றது. காசோ கெடுவதில்லை. 1872 ஆம் ஆண்டு தொடக்கம் ரூபாவும் சதமும் இந்நாட்டின் நாணயமாயின. கால் சதம், அரைச் சதம் ஆகிய செப்புக்காசுகளும் அடிக்கப்பட்டன. புகையிலை விற்ற பணமும், பின்னர் மலாயாவிலிருந்து வந்த மணியோடர்களும் யாழ்ப்பாணக் குடும்பத்தைக் காசுப் பொருளாதாரத்தினுள் இழுத்தன. பிடியரிசியின் இடத்திற் சில்லறை வந்தது. கூடவே, ஒதுக்கியதை ஒளிக்கும் வாய்ப்பும் வந்தது.

ஒளிப்பதற்குக் காரணமுண்டு. 1707 இற் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்த அதிகாரியாற் தொகுக்கப்பட்டு, 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரமாணத்தால் ஆங்கிலேயர் காலத்திலும் வலுப்பெற்ற தேசவழமை, குடும்பச் சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என வகுத்தது. திருமண வாழ்விற் தேடப்பட்டது தேடியதேட்டம். அதில் மனைவிக்குப் பாதியுரிமை உண்டென்பது பெருமையாகப் பேசப்படும். ஆயின் அதனை நிருவகிக்கும் அதிகாரம் கணவனுக்கே உரியதாயிருந்தது. 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும் 1947 ஆம் ஆண்டுத் திருத்தமும் வரைவிலக்கணங்களை மாற்றினவேயன்றிக் குடும்பத் தலைமையை மாற்றவில்லை. கணவன் கொடுத்த சந்தைக் காசில் மிச்சம் பிடித்த ஐந்து சதம் சட்டத்தின் கண்ணில் யாருடையது? கணவனின் உழைப்பில் வந்ததாதலின் தேடியதேட்டம்; ஆதலின் அவன் கைக்குரியது. அடுக்களையில் அவள் செலுத்திய உழைப்புக்கு எந்தப் பத்தியிலும் கணக்கில்லை. அரிசிப் பானையின் அடியிற் புதைந்த கொட்டைப்பெட்டி இந்தச் சட்டத்துக்கு அவள் எழுதாது அளித்த மறுமொழி. தமிழகத்தில் இத்தகைய பணத்துக்குச் ‘சிறுவாடு’ எனத் தனிப்பெயரே உண்டு. ஆணின் மறைவான சேமிப்புக்கு அவ்வாறு ஒரு பெயர் எம் மொழியில் இல்லாதிருப்பது தற்செயலன்று. அவனுக்கு மறைக்கவேண்டிய தேவை இருக்கவில்லை.

இனி வங்கிக்கு வருவோம். ஏழைகளுக்கான சேமிப்பு வங்கி ஸ்கொட்லாந்தின் றத்வெல் கிராமத்தில் ஹென்றி டங்கன் என்னும் பாதிரியாரால் 1810 இல் தொடங்கப்பட்டது. ஏழைகள் சேமித்துப் பழகினால் அவர்களைத் தாங்கும் பொதுச் செலவு குறையும் என்ற எண்ணம் அக்கால பிரித்தானிய ஆளும் வர்க்கத்தினரிடையே வேரூன்றியது. 1861 இற் கிளாட்ஸ்டன் நிதியமைச்சராயிருந்தபோது தபாலகச் சேமிப்பு வங்கி வந்தது. 1875 இற் சாமுவேல் ஸ்மைல்ஸ் சிக்கனத்துக்கென்றே ஒரு நூல் எழுதினார். கூலி போதாமையைப் பற்றிய கேள்வி, குணம் போதாமையைப் பற்றிய கேள்வியாக மாற்றப்பட்டது. மார்க்ஸ் 1847 இற் கூலி பற்றி எழுதிய குறிப்புகளில் சேமிப்பு வங்கியை அரசு தொழிலாளரைப் பிணைக்கும் பொற்சங்கிலியாகக் கண்டார். அற்ப வட்டிக்குப் பெறப்பட்ட தொழிலாளரின் பணமே முதலாளியின் கையில் மூலதனமாகித் தொழிலாளரை ஆளுகின்றது என்பதும், சேமித்தோர் சேமிக்காதோர் என அவ்வர்க்கமே பிளவுபடுகின்றது என்பதும் அவர் சுட்டியவை.

இலங்கையில் 1832 இலேயே, ஆள்பதி வில்மட்-ஹோட்டன் காலத்தில், இலங்கைச் சேமிப்பு வங்கி நிறுவப்பட்டது. 1885 இற் தபாலகச் சேமிப்பு வங்கி தோன்றிற்று. பிரித்தானியாவிலே ஏழைச் சட்டத்தின் சுமையைக் குறைக்கவந்த நிறுவனம், ஏழைச் சட்டமே இல்லாத குடியேற்ற நாட்டுக்கு இறக்குமதியாயிற்று. இங்கு அதன் வாடிக்கையாளனாகக் கருதத்தக்கவன் மாதச் சம்பளம் பெற்ற எழுதுவினைஞனும் ஆசிரியனுமே. யாழ்ப்பாணத்து ஆங்கிலம் படித்த மத்தியதர வர்க்கத்தின் பெட்டகத்திற் காணி உறுதியோடு சேமிப்புப் புத்தகமும் இடம்பெற்றது இக்காலத்தின் பேறு.

மலையகத்தில் நிலை முற்றிலும் வேறு. தோட்டத் தொழிலாளி இந்நாட்டில் உழைக்கத் தொடங்குமுன்பே கங்காணியிடம் கடனாளி. வழிச்செலவு அவன் பெயரிற் பற்றெழுதப்பட்டது. தோட்டம் வழங்கிய அரிசியின் விலை சம்பளத்திற் கழிக்கப்பட்டது. கடனைத் தீர்த்தாற் தொழிலாளரை விடுவிப்போம் எனத் தோட்டத்துரை எழுதிக்கொடுத்த ‘துண்டு’, ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கடனோடு மனிதரையும் மாற்றியது. 1921 இலேயே அம்முறை ஒழிக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தான் கையிற் சேமிப்புப் புத்தகம் இருந்த காலத்தில் மலையகத்தான் பெயரில் இருந்த தாள் துண்டு. முன்னது வரவைக் காட்டிற்று. பின்னது என்றுந் தீராத பற்றைக் காட்டிற்று. இத்தொழிலாளரைப் பார்த்து ஊதாரிகள், குடிகாரர், சேமிக்கத் தெரியாதவர் என்று பேசிய துரைமாரின் குரல், வருந்தத்தக்க வகையில், எமது வடபகுதிக் கற்றோரின் வாயிலும் ஒலித்ததுண்டு. பெண்ணின் நிலை அங்கு இன்னும் மோசம். கொழுந்து பறிப்பதில் முதுகெலும்பாயிருந்த பெண்ணின் சம்பளத்தைக் கணவனோ தந்தையோ பெற்றுக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. ஆணுக்குச் சமமான நாட்கூலி அவளுக்குக் கிடைத்ததே 1984 இல். ஒளிப்பதற்குரிய சில்லறைகூட அவள் கையை எட்டவில்லை.

வங்கிக்கு அப்பால் மக்கள் தாமே கண்ட வழி சீட்டு. பத்துப் பேர் மாதந்தோறும் ஒரு தொகை போட, முறைவைத்து ஒருவர் முழுவதையும் எடுப்பர். குலுக்கி எடுப்பதும் உண்டு. கழிவு கேட்டு எடுப்பதும் உண்டு. சிங்கள மக்களும் ‘சீட்டுவ’ என்றே இதனை வழங்குவர். பெண்களே பெரும்பாலும் நடத்திய இவ்வமைப்பிற் பிணை என்பது முகத்தாட்சிணியமே. 1935 இல் அரசு இதற்கென ஒரு கட்டளைச் சட்டம் இயற்றியமை, எவ்வளவு காசு அதன் பார்வைக்கு வெளியே சுழன்றது என்பதற்குச் சான்று. 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்கீழ் எழுந்த ஐக்கிய நாணய சங்கங்கள் வட்டிக்கடையிலிருந்து கமக்காரனை ஓரளவு மீட்டன. ஆயினும் காணியுள்ளவனுக்குக் கடன் எளிது, குத்தகைக்காரனுக்கு அரிது. இடதுசாரிகளாகிய நாம் சீட்டையும் உண்டியலையும் குட்டி பூர்ஷுவாப் பழக்கங்கள் என ஒதுக்கியது தவறென்றே கருதுகின்றோம். வேலைநிறுத்த நாட்களில் அடுப்பு எரிந்தது பெரும்பாலும் அந்தக் காசினாலேதான்.

1970 இல் அமைந்த ஐக்கிய முன்னணி அரசிலே சமசமாஜியான கலாநிதி என்.எம். பெரேரா நிதியமைச்சரானார். அவ்வாண்டிலேயே ஐம்பது ரூபா, நூறு ரூபாத் தாள்கள் செல்லுபடியற்றனவாக அறிவிக்கப்பட்டன. கறுப்புப் பணத்தை வெளிக்கொணர்வதே நோக்கம். அத்தாள்களை வீட்டில் வைத்திருந்தோர், முதலாளியாயினும் விதவையாயினும், வங்கிக்கு வரவேண்டியவராயினர். 1971 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, பழைய இரு சேமிப்பு வங்கிகளும் இணைக்கப்பட்டுத் தேசிய சேமிப்பு வங்கி உருவாயிற்று. வைப்புகளில் அறுபது சதவீதத்துக்குக் குறையாத பகுதி அரச பிணையங்களில் இடப்படவேண்டுமென்பது விதி. பணம் தனியார் முதலாளியிடம் செல்லாது அரசிடம் சென்றது முன்னேற்றமே, அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த அரசு யாருடையது என்ற கேள்வி எஞ்சியது.

போர்க்காலம் வீட்டுச் சேமிப்பின் இன்னொரு முகத்தைக் காட்டிற்று. ஓடும்போது எடுத்துச் செல்லக்கூடியதே சேமிப்பென்றாயிற்று. காசு தங்கமாயிற்று, தங்கம் அடகுக்கடைக்குப் போயிற்று. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, யாழ்ப்பாண நகரில் அவர்களுக்குக் கிடைத்தவை சில மணித்தியாலங்களே. கொண்டுசெல்லக்கூடிய பணத்துக்கும் வரம்பு விதிக்கப்பட்டது. பெண்களின் காதிலும் கழுத்திலும் கிடந்தவையும் பறிக்கப்பட்டன. தலைமுறைகளாகச் சதஞ்சதமாய்ச் சேர்ந்தது ஒரு பகலில் இல்லாதொழிந்தது. தமிழர் எழுதும் சமூக வரலாற்றில் இது ஓர் அடிக்குறிப்பாகச் சுருங்கிவிடலாகாது.

2022 இல் ஆயுதமின்றியே அதுபோன்ற ஒன்று நாடு முழுவதும் நிகழ்ந்தது. மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ இருநூறு ரூபாவாயிருந்த டொலர் இரு மாதங்களுள் முந்நூற்றைம்பதைக் கடந்தது. செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதமாயிற்று. முட்டியில் இருந்த காசு முட்டியிலேயே இருந்தது. அதனால் வாங்கக்கூடிய அரிசிதான் குறைந்தது. 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உழைப்போரின் கட்டாயச் சேமிப்பாக ஏற்பட்ட ஊழியர் சேமலாப நிதி, 2023 ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பிற் சேர்க்கப்பட்டது. தன் கையிலிருந்த திறைசேரி முறிகளை மாற்றிக்கொள்ளாவிடின் கூடுதல் வரி என்ற நிபந்தனை அதன்முன் வைக்கப்பட்டது. வங்கிகளின் கையிலிருந்த அத்தகைய முறிகளோ விலக்களிக்கப்பட்டன. தேயிலைத் தோட்டத்துப் பெண்ணின் மாதாந்தக் கழிவும் அந்நிதியிலேதான் இருக்கின்றது. துண்டு முறை ஒழிந்து நூற்றிரண்டு ஆண்டுகளின் பின்னர் அவள் மீண்டும் தான் வாங்காத கடனுக்குப் பிணையானாள்.

வங்கிக்கு வராத சில்லறையை மத்திய வங்கியின் புள்ளிவிபரங்களில் தேடுவோர் அதனைச் ‘சேமிப்பு’ என்ற தலைப்பின்கீழ்க் காணமாட்டார். ‘பொதுமக்களிடமுள்ள நாணயம்’ என்னும் ஒரே நிரலில், பெருவணிகனின் இரும்புப் பெட்டியிலுள்ள கட்டுகளோடு, அரிசிப் பானையின் அடியிலுள்ள நாணயங்களும் பிரித்தறிய முடியாதவாறு கலந்துகிடக்கின்றன.