ஒற்றை நாற்றும் பாலாற்றுத் தண்ணீரும்

நெல் வயலில் எந்நேரமும் தண்ணீர் நிற்க வேண்டும் என்பதுதான் நம் பக்கத்துப் பெரியவர்களின் எண்ணம். அது தேவையில்லை என்று பயிரிட்டுக் காட்டியவர் ஆன்ரி தெ லொலானியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார்.

யேசு சபையைச் சேர்ந்த அவர் 1961இல் மடகாஸ்கர் தீவுக்குப் போனார். 1983இல் அவருடைய விவசாயப் பள்ளியில், 15 நாள் நாற்றையே அவசரமாகப் பறித்து நட வேண்டியதாயிற்று. தேறாது என்று நினைத்த பயிர் ஏராளமாகத் தூர் கட்டியது. பிறகு அங்கே உரத்துக்கு மானியம் நின்றபோது, மட்கிய எருவுக்கு மாறினார். 1993இல் அவர் எழுதிய கட்டுரையை, பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால், மூலத்திலேயே படித்தேன். இளம் நாற்று ஏன் அதிகம் தூர் வெடிக்கிறது என்பதற்கு கதாயாமா என்ற ஜப்பானியரின் கணக்கைக் காட்டுகிறார்.

ஒற்றை நாற்று நமக்குப் புதிதல்ல. 1910களிலேயே சென்னை மாகாண விவசாய இலாகா அதைப் பரப்பியது, பின்னர் வழக்கொழிந்தது. 2000இல் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் பாதிரியாரின் முறையை ஆராயத் தொடங்கியது. 2003-04இல் காவிரி, தாமிரபரணிப் பாசன விவசாயிகளின் வயல்களிலேயே செய்து பார்த்தார்கள். இன்று அதற்குத் திருந்திய நெல் சாகுபடி என்று பெயர்.

14 நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, 25 செ.மீ. இடைவெளி. ஏக்கருக்கு 2, 3 கிலோ விதை போதும். பழைய முறையில் 20 கிலோவுக்கு மேல் ஆகும். மண்ணில் மயிரிழை வெடிப்பு கண்ட பிறகுதான் தண்ணீர் கட்டுவது. கோனோவீடர் களையை மண்ணுக்குள் அமுக்கிவிடும், அதுவும் எருதான். தொழு உரம், ஏரி வண்டல், கொழிஞ்சித் தழை எல்லாம் நம் பாட்டன்மார் போட்டவையே.

ஆனால் ஆற்காட்டுப் பக்கம் ஒரு சிக்கல் உண்டு. பாலாற்று மணலில் ஊற்றுக்கால் வெட்டிப் பாசனம் செய்த ஊர்கள் இவை. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் பதனிடும் கழிவு ஆற்றிலும் கிணற்றிலும் உப்பை ஏற்றிவிட்டது. 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது இந்த வழக்கில்தான்.

வயலில் நிற்கும் தண்ணீர் உப்பைக் கீழே தள்ளும். காயவிட்டால் உப்பு மேலே வரும். இளம் நாற்றுக்கு அதைத் தாங்கும் சக்தியில்லை. ஆக, தண்ணீரை மிச்சப்படுத்தும் இந்த வழி, தண்ணீர் கெட்டுப்போன விவசாயிக்குத்தான் முதலில் கைகொடுக்காமல் போகிறது. சிக்கனம் பேச வரும் அதிகாரிகள், முதலில் அவன் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதித்துச் சொல்லட்டும்.