நாட்கூலியிலிருந்து ஓய்வூதியம் வரை



அரசின் வரவு செலவுத் திட்டத்தை எண்களின் அடுக்காகவே பார்த்துப் பழகியிருக்கிறோம். அந்த எண்களுள் பல, உழைப்போர் வழக்காடிப் பெற்றவை.

பெண்டாங் மாவட்டத்துக் கோபா வழியாகச் செல்லும் இருப்புப்பாதை 1915இல் அலோர் ஸ்டாரை எட்டியது. 1918இல் சயாம் பாதையோடு இணைந்தது. மலாயாவின் இருப்புப்பாதைகளில் உழைத்தோருள் தமிழர் பெருந்தொகையினர். அரசுத் துறையில் உழைத்தும் அவர்களுள் பலர் நாட்கூலிகளாகவே இருந்தனர். வேலை செய்த நாளுக்கே கூலி என்பது அம்முறையின் அடிப்படை.

1962 டிசம்பரில் மலாயா ரயில்வே ஊழியர் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. ஏறத்தாழ 14,000 பேர் 22 நாள் உறுதியாய் நின்றனர். நாட்கூலியை மாதச் சம்பளமாக்குக என்னும் கோரிக்கை வென்றது. இது வெறும் பெயர் மாற்றம் அன்று. நாட்கூலியை அரசு வேண்டும்போது குறைக்கலாம். மாதச் சம்பளமோ ஆண்டுதோறும் ஒதுக்கியே தீரவேண்டிய நிலைச்செலவு. பூசலின் வேர் அங்கேதான் இருந்தது.

இந்தோனேசிய மோதல் காலமான 1965இல், இன்றியமையாப் பணிகளில் வேலைநிறுத்தத்தைக் கட்டுப்படுத்தும் அவசரகால விதிகள் வந்தன. 1967ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டம் அவற்றின் இடத்தைப் பெற்றது. அச்சட்டத்தின் கூட்டுப்பேர விதிகள் அரசு ஊழியரைச் சேரவில்லை. அதே ஆண்டு நவம்பரில் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தனர். ஆசிரியர் பணிநிலையை ஆராய்ந்த அஜீஸ் அரச ஆணையம் அதன் பின்னர் அமைந்தது. அரசு ஊழியரின் வழக்குகள் படிப்படியாகத் தெருவிலிருந்து ஆணையங்களுக்கும் பேச்சுமேசைக்கும் நகர்ந்தன. கியூபெக்ஸ் போன்ற கூட்டமைப்புகளின் பணியும் அங்கேயே பெருகியது.

இன்று வழக்கு ஓய்வூதியத்தைப் பற்றியது. ஓய்வூதியம் பல தலைமுறை வரவு செலவுத் திட்டங்களைப் பிணைக்கும் வாக்குறுதி. வளரும் சுமையைக் காட்டி, 2024 பிப்ரவரி முதல் புதிதாய்ச் சேர்வோரை ஊழியர் சேமநிதி முறைக்கு அரசு மாற்றியது. ஓய்வூதியத்தில் முதுமையின் இடரை அரசு சுமக்கிறது. சேமநிதியிலோ சேர்த்த தொகை தீர்ந்தபின் அவ்விடர் ஊழியரையே சேர்கிறது.

நாளை ஆசிரியராக விரும்பும் மாணவர் இந்த வேறுபாட்டை அறிந்திருத்தல் வேண்டும். அரசின் கருவூலத்துக்கு எல்லை உண்டென்பது மெய்யே. அச்சுமையை யார் எவ்வளவு தாங்குவது என்பதைப் பேசும் மேசையில் உழைப்போருக்கும் இடம் வேண்டும். அந்த இடத்தைத்தான் ரயில்வே தொழிலாளர் 22 நாள் கூலியிழந்து கோரினர்.