கோபத்தில் பிறந்த கணக்கு

1952-இல் லண்டன் உளவியலாளர் ஹான்ஸ் ஐசெங்க் ஒரு கட்டுரை எழுதினார். மனக்கலக்கத்தால் அவதிப்படுகிறவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் சிகிச்சை பெற்றாலும் பெறாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்குள் தேறிவிடுகிறார்கள்; ஆகவே உளச்சிகிச்சையால் பலன் உண்டு என்பதற்கு ஆதாரம் இல்லை என்பது அவர் கட்சி. எதிர்த்தும் ஆதரித்தும் நூற்றுக்கணக்கில் ஆய்வுகள் குவிந்தன. ஆளாளுக்குத் தமக்குப் பிடித்ததை எடுத்துக்காட்டினார்களே தவிர, வழக்கு முடியவில்லை.

அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் கற்பித்த ஜீன் கிளாஸ் உளச்சிகிச்சையால் தாமே பலன் கண்டவர். ஆய்வேடுகளையும் திட்ட அறிக்கைகளையும், இதழில் வெளிவராதவை என்பதற்காகவே ஐசெங்க் ஒதுக்கித் தள்ளியது அவருக்குச் சினமூட்டியது. அந்தச் சினம்தான், பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிடும் மெட்டா அனாலிசிஸ் முறையின் விதை. வேண்டாதவற்றை முன்கூட்டியே கழிக்காமல் கிடைத்த எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க, சக ஆய்வாளர் மேரி லீ ஸ்மித்துடன் உட்கார்ந்தார். 1976-இல் சான் பிரான்சிஸ்கோவில் அமெரிக்கக் கல்வி ஆய்வுச் சங்கத்தின் தலைவராக ஆற்றிய உரையில் முறைக்குப் பெயரும் வைத்தார்.

சிக்கல் அளவில் இருந்தது. ஓர் ஆய்வு பதற்றத்தை மதிப்பெண்ணால் அளக்கும், இன்னொன்று தூக்கத்தை மணிக்கணக்கில் அளக்கும். இவற்றை எப்படிக் கூட்டுவது? சேலம் மாவட்ட ஆத்தூர்ப் பக்கத்து மரவள்ளி விவசாயிக்கு இதன் விடை எளிதில் பிடிபடும். முள்ளுவாடியோ குங்கும ரோஸோ, செம்மண்ணில் விளைந்ததோ கரிசலில் விளைந்ததோ, லோடு சேகோ ஆலைக்கு வந்ததும் மாதிரி எடுத்து மாவுச்சத்தைப் பாயிண்டாகக் கணிக்கிறார்கள். விலை பேசுவது அந்தப் பாயிண்டை வைத்துத்தான். கிளாஸும் அப்படி ஒரு பொது அலகைக் கொண்டுவந்தார். சிகிச்சை பெற்ற குழுவின் சராசரியிலிருந்து பெறாத குழுவின் சராசரியைக் கழித்து, பெறாத குழுவின் திட்ட விலக்கத்தால், அதாவது மதிப்புகள் சராசரியைச் சுற்றிச் சிதறும் அளவால், வகுத்தார். வருவது விளைவளவு.

1977-இல் வெளியான முடிவு 375 ஆய்வுகளைத் தொகுத்தது. சராசரி விளைவளவு 0.68. சிகிச்சை பெற்ற சராசரி மனிதர், பெறாதவர்களில் நான்கில் மூன்று பங்குப் பேரைவிட நன்றாக இருந்தார். ஐசெங்க் அடங்கவில்லை, மறு ஆண்டே இதைப் பெரும் அசட்டுத்தனம் என்று எழுதினார். தரம் குறைந்த ஆய்வுகளைக் கூட்டினால் தரம் குறைந்த முடிவுதான் வரும் என்ற அவர் கவலையை நான் தள்ள மாட்டேன். ஆனால் அதற்கு வழி, ஒவ்வோர் ஆய்வின் தரத்தையும் குறித்துவைத்து, தரம் மாறும்போது விளைவும் மாறுகிறதா என்று பார்ப்பது. கிளாஸும் ஸ்மித்தும் அதைத்தான் செய்தார்கள்.

பெயர்தான் 1976-இல் வந்தது, எண்ணம் பழையது. 1904-இல் புள்ளியியலாளர் கார்ல் பியர்சன், இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் இருந்த பிரிட்டிஷ் படைவீரர்களுக்குப் போட்ட டைபாய்டு தடுப்பூசிக் கணக்குகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்.

ஆத்தூர்க்காரர்கள் அறிய வேண்டிய கதை இன்னும் பக்கத்தில் நடந்தது. ஆத்தூருக்குத் தெற்கில் எல்லையாக இருந்த அன்றைய திருச்சி மாவட்டத்தில், மதுரை அரவிந்த் மருத்துவமனையைச் சேர்ந்த லட்சுமி ரஹ்மதுல்லா குழுவினர் பள்ளி வயதை எட்டாத 15,419 குழந்தைகளை ஓராண்டு பின்தொடர்ந்தார்கள். வாரம் ஒருமுறை சிறு அளவு வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54 சதவீதம் குறைந்திருந்தது. 1990-இல் இது வெளியானது. அதே ஆண்டு ஹைதராபாத்தைச் சுற்றிய கிராமங்களில் நடந்த ஆய்வு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெரிய அளவாகக் கொடுத்துப் பார்த்து, வேறுபாடே இல்லை என்றது. எதை நம்பி ஓர் அரசு திட்டம் தீட்டுவது?

1993-இல் எட்டு ஆய்வுகளைத் தொகுத்தபோது இறப்பு 23 சதவீதம் குறைவதாகத் தெரிந்தது. திருச்சி பொய்யாகவும் இல்லை, ஹைதராபாத் வீணாகவும் இல்லை. பிறகு உத்தரப் பிரதேசத்தில் சுமார் பத்து லட்சம் குழந்தைகளைக் கொண்ட ஆய்வு 2013-இல் வெளிவந்து 4 சதவீதக் குறைவையே காட்டியது. அதையும் சேர்த்ததும் தொகுப்பு 11 சதவீதத்துக்கு இறங்கியது. புது ஆய்வு வந்தால் எண் நகரும். எவ்வளவு நகர்ந்தது, ஏன் நகர்ந்தது என்பதை எல்லோரும் பார்க்க முடியும். இதனால்தான் இந்த முறை மீது எனக்குப் பெரிய மதிப்பு.

ஆனால் இந்த முறைக்குப் பெரிய இடர் ஒன்று உண்டு. பலன் தென்படாத ஆய்வுகள் மேசை இழுப்பறையிலேயே தங்கிவிடுகின்றன என்று 1979-இல் உளவியலாளர் ராபர்ட் ரோசென்தால் எச்சரித்தார். அச்சேறியவற்றை மட்டும் கூட்டினால் உலகம் இருப்பதைவிட நன்றாகத் தெரியும்.

இங்கேதான் ஆத்தூரில் முதுகலையும் முனைவர் பட்டமும் படிக்கிற பிள்ளைகள் வருகிறார்கள். மகளிர் சுய உதவிக் குழு, சத்துணவு, மரவள்ளி விவசாயிகளின் கடன் எனச் சுற்றுவட்டாரத்தைப் பற்றிய ஆய்வேடுகளைத் தேடத் தொடங்க சோத்கங்கா இணையக் களஞ்சியம் இருக்கிறது. மற்றவை நூலக அலமாரிகளில் இருக்கும். ஒரு கேள்வியை இறுக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்: குழுவில் சேர்ந்த பெண்களின் சேமிப்பு, சேராதவர்களோடு ஒப்பிட்டால், எவ்வளவு கூடியது? எந்த ஆய்வைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதைத் தேடலுக்கு முன்பே எழுதி வையுங்கள். பிறகு ஒவ்வொன்றிலிருந்தும் ஊர், ஆண்டு, ஆட்களின் எண்ணிக்கை, இரு குழுக்களின் சராசரி, திட்ட விலக்கம் ஆகியவற்றை எடுங்கள். சதவீத அட்டவணையோடு நின்றுவிட்ட ஆய்வேட்டிலிருந்து இவை கிடைக்காமல் போகலாம். எழுதியவருக்குக் கடிதம் போட்டுக் கேளுங்கள். உங்கள் ஆய்வேட்டில் அந்த எண்களை விடாமல் அச்சிடுங்கள், வேறுபாடு ஏதும் தென்படாவிட்டாலும்.