நூறு பேர், ஒரே ஆள்: கென்ஜி யமாகியின் 1995

கென்ஜி யமாகி. கராத்தே கத்துக்கிட்டவங்க தவிர நம்மில் பலருக்கு இந்தப் பெயர் தெரிஞ்சிருக்காது. ஆனா அவரோட 1995ஆம் வருஷத்தை ஒரு மருத்துவரா என்னால கடந்து போக முடியல.

அவர் ஆடியது கியோகுஷின் கராத்தே. கொரியாவில் பிறந்து ஜப்பானில் வாழ்ந்த மாஸ் ஒயாமா உருவாக்கிய முறை. தொட்டுட்டு விலகிப் புள்ளி எடுக்கும் விளையாட்டு இல்ல இது. கையுறை, நெஞ்சுக் கவசம் எதுவும் கிடையாது. முகத்தில் கையால் குத்தக் கூடாது, தலைக்கு உதைக்கலாம். அப்போ அடி எங்கே விழும்? நெஞ்சில், வயிற்றில், தொடையில்.

இதன் உச்ச சோதனைக்குப் பெயர் ஹியாகுநின் குமிதே. ஒருவர் தொடர்ந்து நூறு சண்டை போடணும். ஒவ்வொன்றும் ரெண்டு நிமிஷத்துக்குள்தான். ஆனா எதிரே வர்ற ஆள் மாறிக்கிட்டே இருப்பார்.

1995 மார்ச் 22 அன்று யமாகி இதை முடித்தார். 3 மணி 27 நிமிடம். 83 வெற்றி, 12 சமன், 5 தோல்வி. அதே நாளில் பிரேசிலின் ஃபிரான்சிஸ்கோ ஃபில்ஹோவும் நூறை முடித்தார், ஒரு தோல்வி கூட இல்லாமல்!

சண்டை முடிந்ததும் யமாகி போனது மருத்துவமனைக்கு. சிறுநீரகம் செயலிழந்திருந்தது.

அடி விழுந்தது உடம்பிலும் காலிலும். கிட்னி ஏன் கெடணும்?

தசை நசுங்கி உடையும்போது அதிலுள்ள மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கொட்டும். அதை வடிகட்டப் போய் சிறுநீரகக் குழாய்கள் அடைபடும், பழுதாகும். வியர்வையில் நீர்ச்சத்தும் போயிருந்தா இன்னும் மோசம். சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் வரும். பொட்டாசியம் ஏறி இதயமே நின்னுடலாம். இதை ராப்டோமயோலிசிஸ் என்கிறோம்.

இடிபாடுகளில் நசுங்கியவர்களின் சிறுநீரகம் கெடுவதை 1923இலேயே விரிவாக எழுதியவர் செய்கோ மினாமி என்ற ஜப்பானிய மருத்துவர். யமாகியின் சண்டைக்கு ரெண்டு மாசம் முன்னாடி, ஜனவரி 17 அன்று, கோபே நிலநடுக்கத்தில் நூற்றுக்கணக்கானோருக்கு வந்ததும் இதே பிரச்சினைதான். அங்கே கட்டடம் நசுக்கியது, இங்கே முழங்காலும் கணுக்காலும்.

(ஜிம்மில் முதல் நாளே வெறித்தனமா ஸ்குவாட் போடுற தம்பிகளுக்கும் இது வரும். மறுநாள் தொடை வீங்கி, சிறுநீர் கருத்துப் போனா உடனே மருத்துவமனைக்கு ஓடுங்க. வலி மாத்திரை போட்டுட்டுப் படுக்காதீங்க, சில வலி மாத்திரைகள் கிட்னியை இன்னும் கெடுக்கும்.)

சரி, யமாகி என்ன செய்தார்?

அதே வருஷம் நவம்பரில், அதாவது ஏழரை மாதத்தில், உலகப் போட்டிக்குப் போனார். என்கிட்ட உடல் தகுதிச் சான்றிதழ் கேட்டிருந்தா கண்டிப்பா கையெழுத்து போட்டிருக்க மாட்டேன். ஆனா மனுஷன் இறுதியில் ஹஜிமே கசுமியை வென்று உலக சாம்பியன் ஆனார். ஃபில்ஹோ மூன்றாம் இடம்.

தோற்ற கசுமி 1999இல் அதே நூறு பேர் சோதனையை எடுத்து முடித்தார். அந்த வருஷ உலகப் போட்டியிலும் இறுதி வரை வந்தார். இந்த முறை தோற்றது ஃபில்ஹோவிடம்.

யமாகி பிறகு அமெரிக்கா போய், லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் டோஜோ திறந்து கராத்தே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்.