மேக அடி உயரக் கணிப்பு

மேக அடி உயரம் என்பது தரையிலிருந்து மேகத்தின் கீழ்விளிம்பு வரையுள்ள தொலைவு. விமான நிலையங்களில் இதைச் சீலோமீட்டர் அளக்கிறது. மேல்நோக்கி அனுப்பிய லேசர் துடிப்பு மேகத்தில் பட்டுத் திரும்பும் நேரமே அதற்கு அளவுகோல். வீட்டு வானிலை நிலையத்தில் அப்படி மேலே பார்க்கும் கருவி எதுவும் இல்லை. அதன் திரையில் தெரியும் உயரம், தரையருகே பதிவாகும் வெப்பநிலையையும் ஒப்பு ஈரப்பதத்தையும் கொண்டு போட்ட கணக்கு. துண்டு மேகம்கூட இல்லாத நாளிலும் அந்த எண் வந்துகொண்டிருப்பதே இதற்குச் சான்று. தரைக்காற்று மேலே எழுந்தால் எந்த உயரத்தில் அதன் ஈரம் துளியாகத் தொடங்கும் என்பதை மட்டுமே அது சொல்கிறது.

கணக்கின் அடிப்படை உறுதியானது. மேலெழும் காற்று, அழுத்தம் குறைவதால் விரிந்து, கிலோமீட்டருக்குச் சுமார் 9.8 பாகை செல்சியஸ் வீதம் குளிர்கிறது. அதன் பனிநிலையும், அதாவது ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலையும், இறங்குகிறது. ஆனால் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1.8 பாகைதான். இரண்டுக்கும் உள்ள இடைவெளி இவ்வாறு கிலோமீட்டருக்கு 8 பாகை சுருங்குவதால், தரையில் இருக்கும் ஒவ்வொரு பாகை இடைவெளிக்கும் 125 மீட்டர் உயரம் கிடைக்கிறது. மேலெழும் காற்று குளிர்ந்தே மேகமாகிறது என்ற விளக்கத்தை அமெரிக்க வானிலையாளர் ஜேம்ஸ் எஸ்பி 1841இல் வெளியிட்ட புயல்கள் பற்றிய நூலில் விரிவாக முன்வைத்தார். வெப்பநிலை 32 பாகை, ஈரப்பதம் 60 விழுக்காடு என்றால் பனிநிலை சுமார் 23.3 பாகை, இடைவெளி 8.7 பாகை, உயரம் ஏறத்தாழ 1,090 மீட்டர்.

நல்ல உணரியைப் பொருத்தினால் பிழை நீங்கிவிடும் என்று வாதிடலாம். அது பாதி உண்மை. மேலே சொன்ன நிலையில் ஈரப்பதம் 3 விழுக்காடு தவறினால் விடை நூறு மீட்டருக்குச் சற்று மேல் பிசகும். உணரிக் கூடு வெயிலில் 2 பாகை கூடுதலாகச் சூடானால் பனிநிலை மாறாது, வெப்பநிலை மட்டும் ஏறும். உயரம் 250 மீட்டர் மிகையாகும். நிழலும் காற்றோட்டமும் இவற்றைக் குறைக்கும். ஆனால் தரைக்காற்றுதான் மேகமாகிறது என்ற அனுமானம் பொய்த்தால், எந்த உணரியாலும் பயனில்லை. தெளிந்த இரவில் தரையை ஒட்டிய மெல்லிய அடுக்கு மட்டும் குளிர்ந்து எண்ணைத் தாழ்த்திவிடுகிறது. மேலே மிதக்கும் கீற்று மேகத்துக்கும் அந்த அடுக்குக்கும் தொடர்பே இல்லை. சென்னையில் பிற்பகல் கடற்காற்று புகுந்ததும் கரையோர நிலையம் ஈரமான, குளிர்ந்த காற்றை அளக்கிறது. உள்நாட்டில் எழும் மேகமோ வெப்பமான, வறண்ட காற்றில் பிறந்து உயரத்தில் நிற்கிறது.

அப்படியானால் இந்த எண்ணே வீண் என்று ஒதுக்குவதும் சரியல்ல. வெயில் சூடாக்கி நன்றாகக் கலக்கிய காற்றில் எழும் திரள் மேகங்களின் அடிப்பகுதி தட்டையாகவும் ஏறக்குறைய ஒரே உயரத்திலும் அமைவது, அவை தரைக்காற்றிலிருந்தே பிறந்தவை என்பதைக் காட்டுகிறது. அத்தகைய பிற்பகலில் கணிப்பு நம்பத்தக்கது. கிளைடர் ஓட்டிகள் இதே கணக்கைப் பயன்படுத்துகிறார்கள். விடை நிலையத்துக்கு மேலுள்ள உயரம் என்பதால், கடல் மட்டத்திலிருந்து சொல்ல வேண்டுமானால் இடத்தின் உயரத்தைக் கூட்ட வேண்டும். உதகமண்டலத்தில் அது சுமார் 2,240 மீட்டர். ஆகவே முதலில் வானில் இருப்பது திரள் மேகமா என்று பார்த்து, பிறகே திரையிலுள்ள எண்ணை அதற்குப் பொருத்த வேண்டும்.